மேனிங் குடும்பம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ‘விளையாட்டு வாரிசுகள்’ கட்டுரையில் அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரே ஒரு குடும்பம்தான் கிடைத்திருக்கிறது. அப்பா ஆர்ச்சி மேனிங், மகன்கள் பெய்ட்டன், ஈலை. மூவருமே குவார்ட்டர்பேக். சரி, பந்தை எறிகிறவருக்குத்தான் கைதட்டல். ஆனால் அவர் எறிந்து முடிக்கும்வரை நெஞ்சு கொடுத்துத் தடுக்க ஐந்து லைன்மேன்கள் முன்னால் நிற்கிறார்களே!

அவர்களில் ஒருவர் புரூஸ் மேத்யூஸ். 1983இல் ஹூஸ்டன் ஆயிலர்ஸில் சேர்ந்தார். அணி டென்னசிக்குப் போய் டைட்டன்ஸ் ஆன பிறகும் கூடவே போனார். 2001 சீசனோடு ஓய்வு. மொத்தம் 19 சீசன், 296 ஆட்டம். காயம் என்று ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. 1987இல் பாதி சீசன் ஆடவில்லைதான், அது சம்பளத் தகராறு. சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டாக்கிள் என்று தடுப்பு வரிசையின் ஐந்து இடங்களிலும் ஆடியவர். வலப்பக்கம் பழகிய கால் இடப்பக்கம் வந்தால் தடுமாறும். சென்டர் என்றால் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுத்த கையோடு நிமிர்ந்து இடிக்க வேண்டும். எல்லாம் செய்தாலும் பெயர் வராது. நடுவர் ஒலிபெருக்கியில் லைன்மேனின் எண்ணைச் சொன்னால், பெரும்பாலும் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

குடும்பத்தைக் கேளுங்கள். அப்பா கிளே 1950களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆடியவர். அண்ணன் பெயரும் கிளே. எதிரணியைத் தடுக்கும் லைன்பேக்கரான அவரும் 19 சீசன்! அண்ணன் மகன்கள் இருவர், புரூஸின் மகன்கள் கெவின், ஜேக் எல்லோரும் அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடியவர்கள். அண்ணன் மகன், அவரும் ஒரு கிளே, 2011இல் கிரீன் பே அணியோடு சூப்பர் பவுல் என்ற லீக் இறுதி ஆட்டத்தை வென்றார். வாரிசு என்றால் நமக்கு வேறொரு வாடை அடிக்கும். இங்கே அது செல்லாது. எதிரே நிற்கும் 130 கிலோ ஆள் தாத்தா பெயரைக் கேட்டு வழிவிட மாட்டான்.

புரூஸுக்கு அந்தக் கோப்பை கிடைக்கவில்லை. 2000 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்தில் டைட்டன்ஸ் ஆட்டக்காரர் எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் விழுந்தார், அணி தோற்றது. 17 வருடம் கழித்து மகன் ஜேக் அட்லாண்டா அணிக்காக இறுதி ஆட்டத்தில் நின்றார். நடந்த ஊர் எது தெரியுமா? அப்பா ஆடத் தொடங்கிய ஹூஸ்டன். 28–3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா 34–28 என்று தோற்றது. கடைசி நிமிடங்களில், அட்லாண்டா உதைத்து மூன்று புள்ளி எடுக்கக்கூடிய தூரத்தில் இருந்தபோது, எதிராளியைப் பிடித்து இழுத்ததாக நடுவர் சொன்ன எண் 70. அது ஜேக்கின் எண்.

இன்னொன்று. 1983இல் புரூஸ் சேர்ந்தபோது ஆயிலர்ஸில் இருந்த குவார்ட்டர்பேக்குகளில் ஆர்ச்சி மேனிங்கும் ஒருவர். சில வாரங்களில் அவர் மினசோட்டாவுக்குப் போய்விட்டார். அடுத்த முறை படம் போடும்போது முன்னால் நிற்கும் ஐந்து பேரை வெட்டாமல் போடுங்கள்.

– ஒரு வாசகர்