செயலாளரின் ஆண்டறிக்கை: கந்தகம் பிரிக்கும் பாக்டீரியாக்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பெட்ரோலியத்திலும் நிலக்கரியிலும் உள்ள கந்தகத்தைப் பாக்டீரியாவைக் கொண்டு பிரிக்க முடியுமா? நம் அறிவியல் மன்றம் இந்த ஆண்டு முழுக்க இதையே பேசியது. கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

கந்தகம் எரிந்தால் கந்தக டைஆக்சைடு. அமில மழைக்கு அதுவே ஒரு முக்கியக் காரணம். அதனால் சுத்திகரிப்பு ஆலைகள் 300 முதல் 400 டிகிரி சூட்டில், உயர் அழுத்த ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தை எடுக்கின்றன. பெரும்பகுதி போய்விடும். கார்பன் வளையங்களுக்கு நடுவே கந்தகம் சிக்கியிருக்கும் டைபென்சோதயோஃபீன் குடும்பத்து மூலக்கூறுகள்தான் லேசில் மசிவதில்லை. அவற்றிலும், கந்தகத்தின் இரு பக்கமும் மீத்தைல் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கிளை) ஒட்டியிருந்தால், ஆலையில் வினையை விரைவுபடுத்தும் வினையூக்கி நெருங்கவே திணறும்.

ரோடோகாக்கஸ் எரித்ரோபோலிஸ் என்ற பாக்டீரியா அந்த வேலையைச் சுமார் 30 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில் செய்கிறது. சிகாகோவில் சுமார் 1990-இல் ஜான் கில்பேன் குழு கண்டெடுத்த ஐஜிடிஎஸ்8 என்ற வகைதான் பெயர் பெற்றது. முதலில் கந்தகத்தோடு ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அப்புறம் கார்பன்-கந்தகப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. கந்தகம் சல்ஃபைட்டாக வெளியேற, கார்பன் வளையங்கள் முழுதாக எண்ணெயிலேயே தங்குகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் கார்பனையே தின்றுவிடும். எரிபொருளின் வெப்பம் அதோடு போயிற்று. இந்த வித்தியாசம் புரிந்த பிறகே விவாதம் சூடு பிடித்தது.

ஆய்வகத்தில் பணிபுரியும் நம் உறுப்பினர் ஒருவர் செய்துகாட்டிய சோதனையை நான் மறக்க மாட்டேன். பாக்டீரியா வளர்ந்த நீரை வடித்து, அதில் கிப்ஸ் வினைப்பொருள் என்ற நிறம் காட்டும் வேதிப்பொருளைச் சில துளி விட்டார். கொஞ்ச நேரத்தில் குழாயில் நீலம் ஏறியது. கந்தகம் போனபின் மிஞ்சும் ஹைட்ராக்சிபைஃபீனைல் தரும் நிறம் அது. பாக்டீரியா விடாத குழாய் நிறம் மாறாமல் நின்றது. அவருக்கு மன்றத்தின் நன்றி.

சரி, ஆலைகள் ஏன் இதற்கு மாறவில்லை? கடைசிப் படியைச் செய்யும் நொதி மிக மெதுவானது. உண்டான பொருளே அதை மேலும் முடக்குகிறது. எண்ணெயும் நீரும் பாக்டீரியாவும் கலந்து பால்போல் ஆகிவிடுவதால் பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. டெக்சாஸின் எனர்ஜி பயோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1990-களில் பாடுபட்டும் இது ஆலை உற்பத்திக்கு வரவில்லை. ஹைட்ரஜன் முறையை ஒதுக்கிவிட்டு அல்ல, அது விட்டுவைத்த மிச்சத்தை எடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. உறுப்பினர் சிலர் இதை ஏற்கவில்லை.

நிலக்கரிக்கு ஒரு கூட்டம் மட்டுமே ஒதுக்கினோம். சுரங்கத்து அமில நீரில் 1947-இல் கண்டறியப்பட்ட அசிடிதயோபேசிலஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியா, கரியிலுள்ள பைரைட்டை, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்தை, கரைத்துவிடும். ஆனால் கரியை நன்றாகப் பொடிக்க வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கரியின் மூலக்கூறோடு பிணைந்த கந்தகத்தை அது தொடாது.

வரும் ஆண்டில் எரிவாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. அங்கே பாக்டீரியாக்கள் ஏற்கெனவே ஆலைகளில் வேலை செய்கின்றன. கந்தகம் நுண்ணிய துகளாகவே கைக்கு வருகிறது. இந்த முன்மொழிவையும் அறிக்கையையும் பேரவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்