ஆட்டமும் பாட்டுமாய்ப் பாடம் நடத்தக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இராயபுரம் வட்டாரத்தில் உள்ள எங்கள் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கல்வியாண்டு முழுவதும் ஆடியும் பாடியும் தொட்டும் எண்ணியும் கற்றார்கள். அதற்குப் பின்னால், பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இடம்பெறாத பலருடைய உழைப்பு இருக்கிறது. ஆண்டு விழா மேடையில் அனைவரையும் அழைத்து நன்றி சொல்ல நேரம் போதவில்லை என்பதாலும், அவர்களில் சிலர் மேடைக்கு வரவே கூச்சப்பட்டார்கள் என்பதாலும், யார் என்ன செய்தார் என்பதை விளக்கமாக எழுதிவிட விரும்பி இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பள்ளி வாயிலுக்கு எதிரே பூ விற்கும் பாட்டிக்கு. இரண்டாம் வகுப்பில் நீளம் அளத்தல் பாடத்தைத் தொடங்கும்போது அளவுகோலை உடனே கையில் கொடுக்காமல், சாண், முழம், காலடி, தப்படி என்று உடலால் அளக்கும் முறையிலிருந்து தொடங்குவது வழக்கம். இதைப் படத்தைக் காட்டிச் சொல்வதைவிட, நாள்தோறும் முழம் போடுகிற ஒருவரே வந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று கேட்டபோது, வியாபார நேரத்தை விட்டுவிட்டு அவர் வகுப்பறைக்கு வந்தார். கதம்பச் சரம் ஒன்றைத் தம் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து நான்கு முழம் அளந்து காட்டிவிட்டு, அதே சரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அவர்களுடைய சிறிய கைகளுக்கு அது ஏறத்தாழ ஆறு முழம் வந்தது. மீண்டும் மீண்டும் அளந்து பார்த்தார்கள்; யாரோ தவறாக அளக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் திருத்தினார்கள். பிறகு ஒரு சிறுமி எழுந்து, "சின்னக் கை இருக்கிறவங்ககிட்ட பூ வாங்கக் கூடாது மிஸ்" என்றாள். எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டிய தேவையே அதன்பின் எழவில்லை. மறுநாள் அளவுகோலைக் கொடுத்தபோது அதை ஏன் கொடுக்கிறேன் என்பது வகுப்பில் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து, காசிமேட்டில் மீன் விற்கும் தாய்மார்களுக்கு என் நன்றி. அட்டையில் வெட்டி வண்ணம் தீட்டிய நெத்திலியையும் சங்கராவையும் தரையில் பரப்பி, கூறு போடுவது எப்படி என்று அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 24 மீன்களை 4 கூறாகப் போட்டால் கூறுக்கு 6 என்பது எளிதாக வந்துவிட்டது. 26 மீன்களைக் கொடுத்தபோதுதான் வகுப்பு திகைத்தது. மிஞ்சிய இரண்டை என்ன செய்வது என்று கேட்டவனிடம், "முதல்ல வாங்குறவங்களுக்குக் கொசுறாப் போட்டுடுவோம்" என்று ஒரு தாய் சொன்னார். வகுத்தலும் மீதியும் பாடநூலில் வருவதற்கு முன்பே பிள்ளைகளின் கைகளுக்குப் பழகிவிட்டன. இந்தத் தாய்மார்கள்தாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் வீட்டு வருமானம் சுருங்கியிருந்த வேளையிலும், பள்ளி திறப்பதற்குள் அட்டைகளை வெட்டி ஒட்டித் தந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஆண்டர்சன் தெருவில் காகித மொத்த வணிகம் செய்யும் ஒருவர், வெட்டியபின் மிஞ்சும் கெட்டி அட்டைத் துண்டுகளை மூட்டையாகக் கட்டி அனுப்பி வைத்தார். எங்கள் தெருத் தச்சர் அவற்றுக்கேற்ற சட்டங்களைக் கூலி வாங்காமல் செய்து கொடுத்ததோடு, உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டிப் பலகையில் ஒட்டியும் தந்தார். விரலால் தடவி எழுத்தின் வடிவத்தை உணரும் இந்த முறை மரியா மாண்டிசோரி அம்மையார் பரப்பியது. அவர் 1939-இல் நம் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் என்று சொன்னபோது தச்சருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறக்க முடியாது. பெரும்பாலும் நேர்கோடுகளால் அமைந்து இளங்கைகளுக்கு எளிதாக வரும் ட, ப, ம ஆகிய எழுத்துகளையே முதலில் கொடுத்தோம். புள்ளி வைத்த ட், ம் இரண்டையும் சேர்த்துக்கொண்டதும் படம், மடம், பட்டம், மட்டம் என்று பிள்ளைகள் தாங்களே சொற்களை அமைக்கத் தொடங்கிவிட்டார்கள். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்து முடிக்கும்வரை ஒரு சொல்லைக்கூடப் படிக்காமல் காத்திருப்பது ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரும் சுமை என்பது என் உறுதியான எண்ணம். தையற்கடை அண்ணன் கொடுத்த பொத்தான்களும் காலி நூற்கண்டுகளும் வகைப்படுத்துவதற்கும், பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்பை உணர்வதற்கும் பயன்பட்டன. துணித்துண்டுகள், வகுப்பில் கதை சொல்லும் இடமான கதைக் களத்துக்குக் கைப்பாவைகள் ஆயின.

பணி ஓய்வு பெற்ற எங்கள் மூத்த ஆசிரியை ஒருவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே செய்து தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கிய காலத்தில் பணியாற்றியவர் அவர். அம்முறை 2007-இல் மாநிலம் முழுவதும் பரவியதையும் உடனிருந்து கண்டவர். கற்கும் வரிசையைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படிகளும், செய்ய வேண்டிய செயலைக் குறிக்கும் சின்னம் பொறித்த அட்டைகளும், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகையும், அவர்களுடைய படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் எப்படிப் பயன்பட்டன என்று சலிக்காமல் எடுத்துரைத்தார். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்க 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையறிந்து அமர்த்தும் முறையை நான் கையாள்வதையும் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தார். அவர் சொன்ன ஒரு கருத்து என் வகுப்பையே மாற்றியது: ஒரு விளையாட்டில் எந்தப் பிள்ளையாவது தன் முறைக்காக நெடுநேரம் சும்மா காத்திருந்தால், அந்த விளையாட்டு எவ்வளவு கலகலப்பாகத் தோன்றினாலும் அப்பிள்ளைக்கு அங்கே கற்றல் நடக்கவில்லை. அதன்பின் வகுப்பு முழுவதும் ஒரே வட்டமாக நின்று ஆடுவதை நிறுத்தி, நால்வர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்தோம்.

சிறு குழுக்கள் என்றால் உதவிக்குக் கூடுதல் ஆள் வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்து வந்த கல்லூரி மாணவர்கள். அவர்கள் உருவாக்கிய பாண்டி ஆட்டத்தைப் பிற பள்ளி ஆசிரியர்களும் முயன்று பார்க்கலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் வரைந்து ல, ள, ழ என்று எழுதுவார்கள். ஒருவர் "பலா", "கிளி", "வாழை" என்று ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொல்ல, பிள்ளை அச்சொல்லில் கேட்ட ஒலிக்குரிய கட்டத்துக்கு நொண்டியடித்துச் செல்ல வேண்டும். சொல்பவர் தெளிவாக ஒலித்தால்தான் ஆடுபவரால் சரியாகத் தாவ முடியும் என்பதால், காதும் நாவும் ஒருசேரப் பயிற்சி பெற்றன. வீட்டில் இந்தி பேசும் ஒரு சிறுவன், வகுப்பில் பல வாரங்கள் வாய் திறவாமல் இருந்தவன், சொல் சொல்லும் முறை தனக்கும் வேண்டும் என்று முதன்முதலாகக் கேட்டது இந்த ஆட்டத்தில்தான்.

சத்துணவுக் கூடத்து அக்காமார்கள் சமைக்கும்போது கிடைத்த புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து மாதக்கணக்கில் சேர்த்துத் தந்தார்கள். பல்லாங்குழியின் 14 குழிகளுக்கும் அவையே காய்கள். குழிக்கு ஐந்து என்று போட்டு ஆடத் தொடங்கிய பிள்ளைகள், சில வாரங்களில் ஒவ்வொன்றாக எண்ணாமலேயே, பார்த்தவுடன் மூன்று, நான்கு, ஐந்து என்று சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார்கள். காலை உணவு பரிமாறுவோருக்கும் நன்றி. பசியோடு வந்த பிள்ளையிடம் எந்த விளையாட்டும் எடுபடாது. சிதறிய மணிகளையும் காகிதத் துண்டுகளையும் முகம் சுளிக்காமல் கூட்டி அள்ளி, பயன்படக்கூடியவற்றைத் தனியே எடுத்து வைத்த தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கும், எங்கள் ஆரவாரத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும், பொருள்களை வைக்க ஓர் அலமாரியையே ஒதுக்கிய தலைமை ஆசிரியருக்கும் நன்றி.

"விளையாடவா பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று ஆண்டின் தொடக்கத்தில் கேட்ட பெற்றோருக்கும் நான் நன்றி சொல்கிறேன். பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ளவர்களே அப்படிக் கேட்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்கள் அக்கேள்வியை எழுப்பியதால்தான், ஒவ்வொரு செயல்பாட்டின் முடிவிலும் பிள்ளை எதைக் கற்றது என்பதை ஓரிரு வரிகளில் எழுதிச் சுவரில் ஒட்டும் வழக்கம் உருவானது. அதைப் படிக்க மாலையில் நின்று செல்லும் பெற்றோரின் எண்ணிக்கை கூடியபோது எனக்கும் புதிய ஊக்கம் பிறந்தது.

அட்டைகளில் பல, கைபட்டுக் கைபட்டு ஓரம் கிழிந்துவிட்டன. ஜூன் மாதம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக அவற்றை மீண்டும் தயாரிக்க வேண்டியுள்ளது. குழுவாகத் தரையில் அமரப் பழைய போர்வைகள், ஒரே அளவுள்ள பாட்டில் மூடிகள், பயன்படுத்தாத மணிகள் ஆகியவற்றைக் கொடுக்க இயன்றவர்கள் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். பொருள் தர இயலாதவர்கள் தங்கள் தொழிலைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் எங்களுக்கு அது பேருதவி. வண்டி ஓட்டுபவர், கொத்தனார், இட்லிக் கடை நடத்துபவர் என யார் வந்தாலும் அவருடைய வேலையில் இருந்து ஒரு பாடத்தை அமைத்துக்கொள்வோம்.

மிக்க நன்றியுடன்,
முதல், இரண்டாம் வகுப்பு ஆசிரியை
இராயபுரம், சென்னை