சும்மா இருக்கும் அப்பாவிடமிருந்து

அன்புள்ள பாப்பா,

"லீவு போட்டுட்டு வீட்டுல என்னதான்ப்பா செய்றீங்க?" என்று போனில் கேட்டாய். "சும்மாதான் இருக்கேன்" என்றேன். நீ நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. நிஜமாகவே சும்மாதான் இருக்கிறேன். காலையில் வெயில் ஏறுவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிடுகிறேன். அப்புறம் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, நிழல் நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம்.

இதற்குப் பழகுவதற்கே ஒரு வாரம் ஆகிவிட்டது. முதல் நாள் மதியம் பார்த்தால், வேலியோரம் படர்ந்திருக்கும் பூசணியின் இலைகளெல்லாம் மடக்கிய குடை மாதிரி தொங்குகின்றன. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினேன். மறுநாளும் அதே கதை, அதே வாளி. மூன்றாம் நாள் உங்கம்மா வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் விட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். ஐந்தரை மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், ஒன்றுமே நடக்காதது போல இலைகள் நிமிர்ந்து நிற்கின்றன! உச்சி வெயிலில் இலை வழியாக ஆவியாகிப் போகும் வேகத்துக்கு வேரால் தண்ணீர் எடுத்துத் தர முடிவதில்லை, அவ்வளவுதான். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சொதசொதவென்று ஈரம். விடிகாலையிலும் வாடிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டுமாம். இன்னும் நாலு நாள் என் கையில் விட்டிருந்தால் வேரை அழுகடித்திருப்பேன். (உங்கம்மா இதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது.)

அடுத்து, பூவெல்லாம் பூக்கிறது, ஒன்றுகூடக் காய்க்கவில்லையே என்று ஒரு கவலை. பூசணியில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். பெண் பூ என்றால் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். போன செவ்வாய்க்கிழமை அப்படி ஒன்று மொட்டாக நிற்பதைப் பார்த்தேன். மறுநாள் விடிவதற்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தேனீ ஆண் பூவுக்குள் புரண்டுவிட்டு, உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு வெளியே வந்தது. நேரே பெண் பூவுக்குப் போகும் என்று பார்த்தால், போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து வேறொன்று வந்து, சரியான இடத்தில் இறங்கியது. மதியத்துக்குள் பூ வாயை மூடிக்கொண்டுவிட்டது. பிஞ்சு இன்று எலுமிச்சை அளவு ஆகியிருக்கிறது.

தேனீக்காகக் காத்திருந்தபோது உன் நினைவு வந்தது. உனக்கு ஏழு வயதிருக்கும், இதே மாதிரி ஒரு கோடை விடுமுறை. பின்வாசல் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய். எறும்புகள் ஒரு தட்டானின் இறகைத் தூக்கிக்கொண்டு போயின. அது பாய்மரம் மாதிரி நட்டுக்குத்தலாக நின்றது, காற்றடித்தால் எறும்புகளோடு சேர்ந்து சாய்ந்தது. "ஒரு நிமிஷம்ப்பா, ஓட்டைக்குள்ள போகுதான்னு பார்த்துட்டு வரேன்" என்றாய். நான்தான் ஓவிய வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அந்த வருஷம் உனக்கு ஓவியம், நீச்சல், கணக்கு என்று மூன்று வகுப்பு. ஒன்றாவது உனக்குப் பிடித்ததா என்று நான் கேட்டதாக ஞாபகமில்லை.

வகுப்பு முடிந்து வந்ததும் நீ நேரே பின்வாசலுக்குத்தான் ஓடினாய். இறகு அங்கே இருந்ததா, உள்ளே போய்விட்டிருந்ததா? ஞாபகமிருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா