41 வருடம் கழித்து அக்காவுக்கு

அக்கா,

இந்த நவம்பர் 4ஆம் தேதியோடு வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் பிறந்து நூறு வருடம் ஆகிவிட்டது. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று ராத்திரி பரணிலிருந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்தேன். வங்க சினிமாவைப் பற்றி ஒரு சிற்றிதழில் நான் எழுதிய கட்டுரையில் குறிப்பெழுதி 1984இல் நீ தபாலில் அனுப்பினாயே, அதே உறை. அப்போது முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோபத்தில் மூடி வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வீடு மாறியாயிற்று. தூக்கிப் போட மனம் வரவில்லை, பிரிக்கவும் தைரியம் வரவில்லை.

இப்போது முழுக்கப் படித்துவிட்டேன். பதினொரு பக்கம். எல்லாப் பக்கத்து ஓரத்திலும் உன் பென்சில் எழுத்து. சில இடங்களில் தமிழ், சில இடங்களில் வங்காளம், அவசரத்தில் சுருக்கெழுத்து.

தனியாகக் கடிதம் போடாமல் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். அந்தக் கட்டுரை எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் வந்தது. இதுவும் அப்படியே வரட்டும். நம் வீட்டு மனிதர்கள் பத்துப் பேராவது இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் அம்மாவின் கடைசி வருடங்களையும் உனக்கு வந்த அந்த வரனையும் பற்றி இங்கே ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அது நமக்குள் இருக்கட்டும்.

'வங்க சினிமா 1955 ஆகஸ்ட் 26 அன்று பிறந்தது.' இதுதான் என் முதல் வரி. 'பதேர் பாஞ்சாலி' கல்கத்தாவில் வெளியான நாள். பத்துத் தடவை அடித்துத் திருத்தி எழுதிய வரி அது. நீ அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "அப்போ ஹீராலால் சென் யாரு?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்விக்குத்தான் அன்று கோபப்பட்டேன். ஏனென்றால் ஹீராலாலை எனக்குச் சொல்லித் தந்ததே நீ. 1898இல் ராயல் பயாஸ்கோப் கம்பெனி. கிளாசிக் தியேட்டரில் நடந்த நாடகங்களின் காட்சிகளைப் படம் பிடித்துக் காட்டியது. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து டவுன் ஹாலில் கூடிய கூட்டத்தைப் படமாக்கியது. ஜபாகுசும் கூந்தல் தைலத்துக்கு விளம்பரப் படம் எடுத்தது. டிராமில் தொங்கிக்கொண்டு வரும்போதுகூட இதையெல்லாம் சொல்வாய். அண்ணனும் தம்பியுமாகத் தொடங்கிய கம்பெனி அது. பின்னால் இருவரும் பிரிந்தார்கள். 1917இல் தம்பி மோதிலால் வசம் இருந்த படச்சுருள்கள் எல்லாம் தீயில் போயின. அதே வருடம் புற்றுநோயில் அண்ணனும் போனார்.

ஓர் அடி பிலிம்கூட மிஞ்சாத படங்களைப் பற்றி என்ன எழுதுவது என்பதுதான் அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். இன்றைக்கும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் விட்டது அதற்காக இல்லை. சென்னையில் எனக்குத் தெரிந்தவர்கள் 'பதேர் பாஞ்சாலி' எடுத்த சத்யஜித் ராயைத் தவிர வேறு யாரையும் கேள்விப்பட்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெயரிலிருந்து தொடங்கினால்தான் என்னை மதிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்த ராயைக்கூட 'ரே' என்றுதான் எழுதியிருக்கிறேன். பதினெட்டு இடங்களிலும் நீ 'ராய்' என்று திருத்தியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் வளர்ந்தவன், மூன்றே வருடத்தில் அந்த ஊர்க்காரர் பெயரைச் சொல்லத் தெரியாதவன்போல எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் பக்கத்து ஓரத்தில் வெறும் ஒரு வருடம். 1952. அது என்னவென்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கட்டக் 'நாகரிக்' எடுத்து முடித்த வருடம். பதேர் பாஞ்சாலிக்கு மூன்று வருடம் முன்னால். அது தியேட்டருக்கு வந்தது 1977இல், அவர் இறந்த பிறகு. இருபத்தைந்து வருடம் ஒரு படம் பெட்டிக்குள் கிடந்ததால், முதலில் வந்த பெருமை இன்னொன்றுக்குப் போயிற்று. நீ அதை விளக்கி எழுதவில்லை. விளக்க வேண்டாம் என்று நினைத்தாயா, விளக்கினாலும் இவனுக்கு ஏறாது என்று நினைத்தாயா?

கல்கத்தாவின் பழைய படக் கம்பெனியான நியூ தியேட்டர்ஸை நான் ஒரே வரியில் தள்ளியிருந்தேன். 'மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்தவர்கள்.' நீ மூன்று கேள்வி போட்டிருக்கிறாய். 1932இல் டோலிகஞ்ச் ஸ்டுடியோவுக்குத் தாகூரே வந்து 'நடீர் பூஜா'வைப் படமாக்கினாரே, அது எங்கே? 1935இல் 'பாக்ய சக்ர'த்தில் பின்னணிப் பாட்டுப் பதிவு செய்தது யார்? அதே வருடம் பருவா 'தேவதாஸ்' எடுத்துத் தானே நடித்தது கணக்கில்லையா? கீழே இன்னொன்று: "நம்ம ஆட்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்து படம் எடுத்தார்களே, அதையாவது எழுதியிருக்கலாம்." கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1933இல் 'வள்ளி திருமணம்' எடுத்தது அங்கேயுள்ள பயனியர் கம்பெனியோடு சேர்ந்துதான். தமிழ்ப் பத்திரிகையில் தமிழ் வாசகர்களுக்கு எழுதிய கட்டுரையில் அது இல்லை. இதற்கு என்னிடம் பதிலே கிடையாது.

நான்காம் பக்கம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. 'ரே ஒளியின் இலக்கணத்தையே மாற்றினார்' என்று எழுதியிருந்தேன். நீ பெயரை அடித்துவிட்டு மேலே 'சுப்ரதா மித்ரா' என்று அவருடைய கேமராமேன் பெயரை எழுதியிருக்கிறாய். அந்த மேஜை விளக்கு ஞாபகம் வந்தது. ராயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றம் ஸ்டுடியோவில் போட்ட செட். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கட்டியது. உயரமான சுவர்களுக்கு நடுவே, வானத்திலிருந்து மட்டும் இறங்கும் நிழல் விழாத வெளிச்சம் வேண்டும். நேராக விளக்கைப் போட்டால் செட் என்பது தெரிந்துவிடும். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கையெல்லாம் அதன் பக்கம் திருப்பி, துணியில் பட்டுத் திரும்பி வரும் ஒளியில் மித்ரா படம் பிடித்தார். பதேர் பாஞ்சாலிக்கு வந்தபோது அவருக்கு வயது 21. அதற்குமுன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. எனக்கு இது புரியவில்லை என்றதும் நீ மேஜை விளக்கை என் முகத்திலிருந்து திருப்பி வெள்ளைச் சுவரின் மேல் அடித்தாய். கைக்கண்ணாடியைக் கொடுத்து, "மூக்கு நிழல் எங்கே போச்சு பார்" என்றாய். எனக்குப் பதினைந்து வயது. அடுப்பில் குழம்பு தீய்ந்து அம்மாவிடம் இருவரும் திட்டு வாங்கினோம்.

இது உன் சுருக்கெழுத்து நோட்டில் 37ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஆமாம், அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. 1981இல் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபோது என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. பார்த்த தேதி, தியேட்டர், யார் கேமரா, யார் எடிட்டிங், டல்ஹௌசி ஆபீஸில் உன் கூட வேலை பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுவரை அதில் இருந்தது. என் கட்டுரையில் பாதி அந்த நோட்டு. பாதிக்கு மேல் என்றே சொல்கிறேன். கட்டுரையின் கீழே என் பெயர் மட்டும் இருந்தது.

சிற்றிதழ்களில் இரண்டு பெயர் போடும் வழக்கம் அப்போது இல்லை என்று இத்தனை நாளாகச் சொல்லி வந்தேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

அக்கா, 1976ஐப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. பிப்ரவரி 6ஆம் தேதி கட்டக் இறந்தார். சில வாரத்தில் ஒரு பிலிம் சொசைட்டியில் அவருடைய 'மேகே டாக்கா தாரா' போட்டார்கள். நீ ஆபீஸிலிருந்து நேராக வந்தாய். நான் வாசலில் காத்திருந்தேன். நாற்காலி கிடைக்காமல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். படத்தில் நாயகி நீதாவின் அண்ணன் ஷங்கர் ஹம்சத்வனி பாடத் தொடங்கியதும் நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பாடறது நம்ம ஊர்க்காரர்" என்று காதில் சொன்னாய். ஏ.டி. கானன், சென்னையில் பிறந்து ரயில்வே வேலையில் இருந்தவர். ராமசாமி தீட்சிதர் உண்டாக்கிய ராகம், அம்மா ஒவ்வொரு பிள்ளையார் சதுர்த்திக்கும் 'வாதாபி கணபதிம்' பாடுகிற ராகம், வங்காளத்து அகதிக் குடியிருப்பில் ஒரு வேலையில்லாத அண்ணன் வாயில். உன் விரல் என் கையில் தாளம் போட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு அந்த ஊர் முழுவதும் சொந்தமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த ஊரும் அப்படித் தெரியவில்லை.

அந்தப் படத்தில்தான் நீதாவின் செருப்பு அறுந்து போகும் இடமும் வருகிறது. சம்பள நாள். அறுந்த செருப்போடு நடந்து வீட்டுக்கு வருகிறாள். பணம் தங்கைக்கும் தம்பிக்கும் அண்ணனுக்கும் போகிறது, அவளுக்குச் செருப்பு இல்லை. அப்போது நீ உன் இரண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாய்.

நான் பார்த்தேன். உன் வலது செருப்பின் வார் ஊக்கு குத்தி நின்றது. அந்த மாதம்தான் என் கல்லூரிக்குப் பணம் கட்டியிருந்தாய். நான் பார்த்தது உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஷில்லாங் மலையில் 'அண்ணா, நான் வாழ ஆசைப்பட்டேன்' என்று அவள் கத்தும்போது அரங்கமே அழுதது. நீ அழவில்லை. வெளியே வந்ததும், "அந்தச் சவுக்குச் சத்தத்தைக் கவனிச்சியா? படிக்கட்டில் இறங்கும்போது?" என்று கேட்டாய். சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டு லேக் மார்க்கெட்வரை நடந்தோம். டிராமுக்குச் சில்லறை இருந்தது. நீதான் நடக்கலாம் என்றாய். ஊக்கு குத்திய செருப்போடு நடந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு என்ன சொல்லத் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுரையில் அந்தச் செருப்புக்கு ஒரு முழுப் பத்தி எழுதினேன். 'இந்திய சினிமாவின் மகத்தான குறியீடு' என்றெல்லாம். அந்தப் பத்தியை மேடையில் படித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பதினொரு பக்கத்தில் அந்தப் பத்தியின் ஓரத்தில் மட்டும் நீ ஒன்றுமே எழுதவில்லை.

எழுதியிருக்கலாமே அக்கா! ரேயை ராயாக்கப் பதினெட்டு இடத்தில் பென்சில் எடுத்தவள், 'இது என் நோட்டு' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? நாலு வார்த்தை திட்டியிருந்தால் அடுத்த ரயிலில் வந்து காலில் விழுந்திருப்பேன். வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் "தம்பி சினிமா பத்தி நன்னா எழுதறான்" என்று பெருமையாகச் சொன்னாயாம். சித்தி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். உன் பெருந்தன்மை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது நாற்பது வருடத் தண்டனையாக இருந்தது. கடன்காரன் பணத்தோடு வந்தாலும் வாங்கிக்கொள்ளாத ஆளிடம் கடனை எப்படி அடைப்பது? சரி, நான் பணத்தோடு வரவே இல்லை. அதுவும் உண்மை.

வங்க நட்சத்திர நடிகர் உத்தம் குமாரைக்கூட நான் எழுதவில்லை. கனமான பத்திரிகையில் உத்தம்-சுசித்ரா ஜோடியைப் பற்றி எழுதினால் லேசாகப் பார்ப்பார்கள் என்று பயம். 'சாரே சுவாத்தர்' வந்த 1953இலிருந்து வங்காளத்தில் தியேட்டர்களை நிரப்பியவர்கள் அவர்கள். அந்த வசூல் இல்லாமல் டோலிகஞ்சில் விளக்கு எரிந்திருக்காது, ராயே 'நாயக்'குக்கு அவரைத்தான் கூப்பிட்டார் என்று நீ எழுதியிருக்கிறாய். 1980 ஜூலை 24 அவர் இறந்த மறுநாள் நீ ஆபீஸுக்கு லீவு போட்டாய். அப்பா காரியத்துக்குப் பிறகு நீ உனக்காக எடுத்த ஒரே லீவு அதுதான் என்று நினைக்கிறேன். தெருவில் அத்தனை கூட்டத்தில் நின்று அழுதுவிட்டு வந்தாய். நான் கேலி செய்தேன். இதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

பிறகு நாம் சேர்ந்து படமே பார்க்கவில்லை. ருதுபர்ணோ கோஷின் 'பாரிவாலி'யை நான் தனியாகப் பார்த்தேன். படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுத்த தனிமைப் பெண்ணிடம் இனிக்கப் பேசி, வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். அவள் நடித்த சின்னக் காட்சியும் படத்தில் இல்லை. பார்த்த அன்று உனக்குப் போன் செய்து மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய கட்டுரைகளைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் கேட்டிருக்கிறது. அந்தக் கட்டுரையை அப்படியே போட முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் ஓரக் குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, ஹீராலால் சென்னிலிருந்து புதிதாக எழுதியாயிற்று. செருப்புப் பத்தியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்பதை நீதான் சொல்ல வேண்டும், அல்லது காலியாகவே விடலாம். டிசம்பர் முதல் வாரம் ஹவுரா மெயிலில் வருகிறேன். நோட்டைக் கையோடு கொண்டு வருகிறேன். அட்டை கிழிந்திருக்கிறது, பக்கம் ஒன்றும் போகவில்லை.

ஒன்று மட்டும் முன்னாலேயே தெரிய வேண்டும். அட்டையில் முதலில் உன் பெயர், அடுத்து என் பெயர். உன் பெயரை எப்படிப் போடட்டும்? அப்பாவின் முன்னெழுத்தோடா, ஆபீஸில் கையெழுத்துப் போட்டாயே அந்த மாதிரியா? போனில் சொன்னால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவாய். பென்சிலில் எழுதி அனுப்பு.

உன் தம்பி