வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரைத் திறந்துவிட வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ பெங்களூரிலோ வேலை பார்க்க, வயதான பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் நமது கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் ராஜாக்கமங்கலம் வரை எல்லாப் பகுதிகளிலும் உண்டு. அம்மா காலையில் எழுந்து நடமாடுகிறாரா, இரவில் முன்வாசல் கேட் பூட்டியிருக்கிறதா, ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைப் பக்கம் யாராவது வந்தார்களா என்பதை துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகவே அவ்வீடுகளில் பெரும்பாலும் சிசிடிவி கேமராவும் அதன் பதிவுப் பெட்டியான டிவிஆரும் மாட்டப்படுகின்றன. இது முற்றிலும் நியாயமான தேவை. ஆனால் அதை நிறைவேற்றுவதற்காகப் பல வீடுகளின் ரவுட்டரில் செய்துவைக்கப்படும் ஓர் ஏற்பாடு, காவலுக்கு வைத்த கேமராவையே அந்நியர் கையில் கொடுத்துவிடக் கூடியது என்பதையும், அதற்கு மாற்றாகப் பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட மக்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

வீட்டிலுள்ள கைப்பேசி, டிவி, டிவிஆர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் கொடுக்கும் முகவரி 192.168 என்று தொடங்குவதை பலர் பார்த்திருப்பார்கள். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. வெளியிலிருந்து யாரும் அதை நேரடியாக அடைய முடியாது. துபாயிலிருக்கும் மகன் பார்க்க வேண்டும் என்று கேட்டால், கேமரா மாட்ட வருபவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்னும் வசதியை இயக்கி, வெளியிலிருந்து போர்ட் எனப்படும் ஒரு குறிப்பிட்ட வாசல் எண்ணுக்கு வரும் எல்லாக் கோரிக்கைகளையும் டிவிஆருக்கு அனுப்பும்படி அமைத்துவிடுகிறார். மகனுக்குப் படம் தெரிகிறது. வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மகனுக்காகத் திறந்த அந்த வழி உலகிலுள்ள எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதை வீட்டுக்காரரிடம் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சில ரவுட்டர்களில் யு.பி.என்.பி. என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், யாரும் கைவைக்காமலே டிவிஆர் தானாக இந்த வழியைத் திறந்துகொள்வதும் உண்டு.

'நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் நம் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள்' என்ற கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வீட்டை யாரும் பெயர் சொல்லித் தேட வேண்டியதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற மென்பொருள், இணையத்தின் பழைய வகை முகவரிகள் முழுவதையும், அதாவது ஏறத்தாழ 430 கோடி முகவரிகளை, ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டியது. இப்படித் தட்டிப் பார்த்துத் திறந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிட்டுத் தரும் ஷோடான் போன்ற தேடுதளங்கள் அதற்கும் முன்பிருந்தே இயங்கிவருகின்றன. ஆகவே இன்று மாலை திறக்கப்படும் ஒரு போர்ட் வெகு விரைவில் யாராவது ஒருவருடைய பட்டியலில் ஏறிவிடும் என்றே கொள்ள வேண்டும்.

பட்டியலில் ஏறிய பிறகு என்ன நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலேயே வைக்கப்படும் 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர், பாஸ்வேர்டு இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடத்தப்பட்ட தாக்குதலில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. நம் நாட்டிலும், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் யூடியூபுக்கும் டெலிகிராமுக்கும் போய் விற்கப்பட்ட கொடுமை 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. சிகிச்சைக்குப் போன பெண்களுக்கு நேர்ந்த அந்த அவமானத்தைப் படித்த பிறகும், படுக்கையறை வாசலில் கேமரா வைத்து அதன் பாஸ்வேர்டை மாற்றாமல் விடும் வீடுகள் இருப்பது மிகுந்த வேதனை அளிக்கிறது.

பாஸ்வேர்டை வலுவாக மாற்றிவிட்டால் போதுமா என்றால், போதாது. உலகெங்கும் அதிகம் விற்கும் ஹிக்விஷன் கேமராக்களில் 2017இலும் 2021இலும் வெளிப்பட்ட கோளாறுகள், பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே புகுவதற்கு இடம் தந்தவை. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது உண்மை. ஆனால் மாட்டிய நாள் முதல் யாரும் தொடாத டிவிஆருக்குள் அந்தத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? புதிதாக விற்பனைக்கு வரும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் ஏற்கெனவே சுவரில் இருக்கும் கேமராவை அது மாற்றாது. ரவுட்டரில் திறந்துவிட்ட வழியையும் அது மூடாது.

மாற்று வழி, டிவிஆரை இணையத்தின் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, அனுமதி பெற்ற கைப்பேசி மட்டும், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட பாதை வழியாக வீட்டு இணைப்புக்குள் வரும்படி செய்வதாகும். வி.பி.என். என்று சொல்லப்படும் இந்த முறைக்கு இன்று மிகவும் ஏற்றது வயர்கார்டு என்பது என் கருத்து. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6ஆம் பதிப்போடு சேர்க்கப்பட்ட இந்த இலவச மென்பொருளில், வீட்டுக் கருவிக்கும் கைப்பேசிக்கும் தனித்தனிச் சாவி இணைகள், அதாவது ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் நீண்ட குறியீடுகள், உண்டு. இதற்கும் ரவுட்டரில் ஒரு போர்ட் திறக்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வேறுபாடு பெரிது: உரிய சாவி இல்லாமல் வரும் எதற்கும் வயர்கார்டு பதிலே தராது, ஆகவே தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது. சில ரவுட்டர்களிலேயே இந்த வசதி இருக்கிறது. இல்லாத வீடுகளில் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியோ ஒரு பழைய லேப்டாப்போ போதும். மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடாமல் தானே இயங்கத் தொடங்கும்படி அதை அமைத்துவிட வேண்டும். ரவுட்டர் அணைந்து எழும்போது வெளி முகவரி மாறக்கூடும் என்பதால், மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்துவைக்கும் டைனமிக் டி.என்.எஸ். சேவையும் தேவைப்படும்.

இங்கே பலரைத் திகைக்கவைக்கும் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஊர் வீட்டின் ரவுட்டரும் துபாய் அறையின் ரவுட்டரும் 192.168.1 என்ற ஒரே வரிசையைப் பயன்படுத்தினால், இணைப்பு கிடைத்தும் டிவிஆர் கிடைக்காது. கைப்பேசி அதைத் தன் அறைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஊர் ரவுட்டரில் அந்த வரிசையை 192.168.57 போன்ற, அதிகம் புழங்காத ஒன்றாக முதலிலேயே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு சிக்கல், முகவரித் தட்டுப்பாட்டால் பல இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. அத்தகைய இணைப்பில் வெளியிலிருந்து வரும் எதுவும் வீட்டை அடையாது. இந்நிலையில்தான் 'மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி. (உங்களுக்கே உரிய மாறாத வெளி முகவரி) வாங்குங்கள், போர்ட் திறந்து தருகிறேன்' என்ற ஆலோசனை வருகிறது. இயல்பாகக் கிடைத்த ஒரு பாதுகாப்பைப் பணம் கொடுத்துக் கலைக்க வேண்டியதில்லை. வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவையில் வீட்டுக் கருவியும் கைப்பேசியும் இரண்டுமே உள்ளிருந்து வெளியே போய் ஒன்றையொன்று கண்டுகொள்வதால், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. ரகசியச் சாவிகள் அந்தந்தக் கருவியிலேயே இருக்கும். தனிநபர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது.

இவ்வளவும் செய்துதர ஆள் இல்லாத வீடுகளுக்கு, கேமரா நிறுவனத்தின் சொந்த ஆப் ஏற்கத்தக்கதே. அதில் நம் நம்பிக்கை முழுவதும் அந்த நிறுவனத்தின் மீது இருக்கிறது என்பது குறைதான். ஆயினும் திறந்த போர்ட்டைவிட அது பல மடங்கு மேல். முதன்மைக் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும், மாட்டியவர் பெயரில் அல்ல. ஓ.டி.பி. கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். அண்ணன் தம்பிகளுக்கு பாஸ்வேர்டைப் பகிராமல், படம் பார்க்க மட்டும் அனுமதிக்கும் தனிக் கணக்கு தரலாம்.

வளைகுடாவிலுள்ள பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில், ஐ.பி. முகவரியை மறைத்துக் குற்றம் செய்வோருக்குச் சிறைத் தண்டனைக்கும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு. தன் வீட்டுக் கேமராவைப் பார்ப்பது அத்தகைய குற்றம் அல்ல. ஆனால் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட இணைய அழைப்புகளுக்கு இதே பாதையைப் பயன்படுத்துவது வேறு விஷயம். ஆகவே வீட்டு முகவரி வரிசைக்கு உரிய போக்குவரத்து மட்டும் அந்தப் பாதையில் செல்லும்படி வயர்கார்டை அமைத்து, மற்றவை வழக்கமான இணைப்பிலேயே போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். இருக்கும் நாட்டின் விதியையும் கேட்டறிந்துகொள்வது நல்லது.

தங்கள் வீட்டு நிலையை அறிய விரும்புவோர், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல் (வயர்கார்டுக்காகத் திறந்ததைத் தவிர) காலியாக இருக்கிறதா, யு.பி.என்.பி.யும் வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியும் அணைக்கப்பட்டிருக்கின்றனவா, ஐ.பி.வி.6 என்ற புதிய வகை இணைய முகவரி இருந்தால், வெளியிலிருந்து அழையாமல் வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் அதற்கும் இயங்குகிறதா என்று பார்க்கலாம். பிறகு கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் வீட்டின் வெளி முகவரியை பிரவுசரில் இட்டுப் பார்க்கலாம். டிவிஆர் பாஸ்வேர்டு கேட்டு நின்றால் வழி திறந்திருக்கிறது. எதுவும் வராவிட்டாலும் வேறு எண்ணில் திறந்திருக்கக்கூடும் என்பதால் அந்தப் பட்டியலையே இறுதியாகக் கொள்ள வேண்டும். படங்கள் ஏற்கெனவே வெளியே போய்விட்டன என்று தெரிந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தயங்காமல் தெரிவிக்க வேண்டும்.

கேமரா மாட்டும் தொழிலில் இருக்கும் நம் மாவட்ட இளைஞர்கள் மீது எனக்குக் குறை இல்லை; வெயிலிலும் மழையிலும் ஏணியில் நின்று உழைக்கும் அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இல்லை. கோணத்திலுள்ள அரசு பாலிடெக்னிக்கும் அரசு ஐ.டி.ஐ.யும் அவர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்த முன்வர வேண்டும் என்றும், வீடுகளிலும் கடைகளிலும் கேமரா வைக்கும்படி வலியுறுத்தும் காவல் துறை, போர்ட் திறக்காமல் மாட்டுவதையும் எல்லா பாஸ்வேர்டுகளையும் வீட்டுக்காரரிடமே எழுதிக் கொடுப்பதையும் அந்த அறிவுரையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.