புகைப்படச் சங்கம்: 2025ஆம் ஆண்டறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூசப் படப்பிடிப்பும் தேக்கா தீபாவளி ஒளியூட்டுப் படப்பிடிப்பும் வழக்கம்போல் நடந்தன. சமூக மன்றக் கண்காட்சியும் நடந்தேறியது.

இவ்வாண்டின் பெரிய வேலை, மின்னலைத் தானே படம்பிடிக்கும் கேமரா. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடி முழங்குகிறது. முக்காலியோடு வெட்டவெளியில் நிற்பது உயிரோடு விளையாடுவது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலோரம் கேமராவை வைத்துவிட்டு நாம் விலகியிருக்கலாம் என்பதால்தான் இதில் இறங்கினோம்.

தேவையானவை: ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கையளவுக் கணினி, அதற்கான 12.3 மெகாபிக்சல் கேமரா, 6 மி.மீ. லென்ஸ். இது சிஎஸ் எனப்படும் பொருத்து வகை லென்ஸ். கேமராவோடு வரும் இணைப்பு வளையத்தைக் கழற்றாமல் மாட்டினால் தூரத்துக் காட்சி ஃபோக்கஸ் ஆகவே ஆகாது. 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர்தான் வேண்டும்; பழைய கைப்பேசி சார்ஜரில் கருவி பாதியில் நின்றுவிடும். அறை விளக்கை அணைத்து லென்ஸைச் சன்னல் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். ஏர்கான் ஓடினால் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனித்துவிடும்.

நிரலில் முதல் வேலை, தானியங்கி எக்ஸ்போஷரையும் (ஒளியளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) நிறுத்துவது. நிறுத்தாவிட்டால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதையும் நிரல் மின்னல் என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, ஓப்பன்சிவி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருள் கழித்துப் பார்க்கும். முழுப் படத்தையும் ஒப்பிட்டால் எதிர் புளோக்கின் தாழ்வார விளக்கே போதும், கணக்கு கெட்டுவிடும். அதனால் வானத்தை மட்டும் விட்டு மற்றதை மறைத்து, வானத்தின் சராசரி வெளிச்சம் சட்டென ஏறுகிறதா என்று பார்க்கிறோம். சாங்கியில் இறங்கும் விமானத்தின் விளக்கு ஒரு புள்ளி. மின்னலோ மேகத்தையே வெளுக்க வைக்கும்.

மின்னலைக் கண்டபின் ஷட்டரைத் தட்டினால் கிளை விரியும் முதல் வீச்சு தப்பிவிடும். அதே மின்னலில் அடுத்து வரும் வீச்சுகளில் பெரும்பாலும் கிளை இருக்காது. ஆகவே கடைசிச் சில விநாடிகளின் ஃபிரேம்கள் எப்போதும் நினைவகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். வெளிச்சம் ஏறியதும் முன்னும் பின்னுமாகச் சேமிக்கப்படும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் ஒரே மின்னல் இரண்டு ஃபிரேம்களில் துண்டாகி விழுவதுண்டு. இரண்டிலும் பிரகாசமான பிக்சலை எடுத்துச் சேர்த்தால் முழு மின்னலும் கிடைத்துவிடும். இதில் கிடைத்த படங்கள் சங்கத்துக்குப் பெருமை சேர்ப்பவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சங்கம் நடத்திய பயிலரங்குக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை. வராததைத் தெரிவிக்கவும் இல்லை. அவர்களுக்காக ஒதுக்கிய இடத்தில் வேறொருவர் கற்றிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோன லென்ஸ்களும் சில இன்னும் திரும்பவில்லை. சந்தா பாக்கி சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. நினைவூட்டல்களைப் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பது வருத்தமளிக்கிறது.

வரவு செலவு கையிருப்புக்குள் அடங்கியது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சமூக மன்றத்தாருக்கும் செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் தீவின் மேற்கே இன்னொரு கேமரா வைத்து, ஒரே மின்னலை இரு திசையிலிருந்து எடுக்க விரும்புகிறோம். ஏப்ரலில் இடிமழை வலுக்கும். அதற்குமுன் கருவி வாங்கியாக வேண்டும். பாக்கி வைத்திருப்பவர்கள் மார்ச்சுக்குள் பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழியாகச் செலுத்திவிட்டால் வேறெங்கும் கேட்க வேண்டியிராது. மேற்குப் பக்கம் சன்னலுள்ள, பைத்தான் நிரல்மொழி தெரிந்த இளையர் ஒருவர் துணைச் செயலாளராக முன்வந்தால் நிரல் முழுவதையும் அவரிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.

செயலாளர்