முந்தைய இரவே தீனியை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புழக்கடையில் கறிக்காக நாட்டுக்கோழி வளர்ப்பது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை தீவனம், தடுப்பூசி, கூண்டு எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னது. அறுப்பை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டது. நான்கு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த நாட்டுக்கோழியின் கறி பெரும்பாலும் கடைசி ஒரு நாளில்தான் கெடுகிறது.

முந்தைய இரவு கோழி அடைந்த பிறகு, இருட்டில் அலட்டாமல் எடுத்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட வேண்டும். காலையில் துரத்திப் பிடித்த கோழியின் கறி விறைப்பாக இருக்கும். அறுப்பதற்கு முன் 8 முதல் 10 மணி நேரம் தீனி கூடாது. தண்ணீர் அவசியம் வேண்டும். இரைப்பை நிறைந்திருந்தால் சுத்தம் செய்யும்போது கிழிந்து கறியெல்லாம் அழுக்காகும். அதற்காக 12 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடுவதும் தவறு, குடல் நைந்து தொட்டாலே அறுந்துபோகும்.

அவரவர் வழக்கப்படி அறுக்கலாம். எப்படி அறுத்தாலும் கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்களும் அறுபட்டு, தலைகீழாக 2, 3 நிமிடம் ரத்தம் வடிய வேண்டும். துடிப்பு அடங்குமுன் வெந்நீரில் போடவே கூடாது.

அதிகம் பேர் தவறுவது வெந்நீரில்தான். கொதிக்கிற நீரில் அப்படியே முக்கினால் தோல் வெந்து, இறகோடு சேர்ந்து உரிந்துவிடும். கொதிநீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரிக்கு வரும். காலைப் பிடித்து ஒரு நிமிடம் முக்கி அசைத்து, இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் போதும். மிச்சமுள்ள பூமுடியை வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவலாம். தீ மூட்ட மண்ணெண்ணெயோ பிளாஸ்டிக்கோ வேண்டாம், அந்த வாடை தோலில் ஏறிவிடும்.

வால் மேட்டில் உள்ள மஞ்சள் நிற எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள். கறியில் வரும் ஒருவித நாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஈரலோடு ஒட்டிய பச்சைப் பித்தப்பை உடையாமல், கொஞ்சம் ஈரலும் சேர்ந்தே போனாலும் பரவாயில்லை என்று வெட்ட வேண்டும். உடைந்துவிட்டால் உடனே கழுவி, பச்சை பட்ட இடத்தை நீக்கிவிடுங்கள். குழம்பாக வைத்தாலும் அந்தக் கசப்பு நீங்காது. விலாவில் ஒட்டிய நுரையீரலையும் விரலால் சுரண்டி எடுக்க வேண்டும்.

அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். அந்த நேரத்தில் அடுப்பில் ஏற்றிவிட்டு “முற்றல் கோழி” என்று குறை சொல்கிறோம். ஐஸ் நீரில் குளிரவைத்து, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் முற்றிய சேவல்கூட ஓரளவு இளகும்.

நோயுற்ற கோழியை, “சாவதற்குள் அறுத்துவிடலாம்” என்று ஒருபோதும் அறுக்காதீர்கள். மருந்து கொடுத்த கோழி என்றால், கறிக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறகையும் குடலையும் ஓடையில் வீசாமல், 3 அடிக் குழியில் சுண்ணாம்பு தூவி மூடினால் நாய் தோண்டாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈரோடு மாவட்டம்